மருந்துக்குப் பழகிய பூச்சி

“மருந்துக்குப் பூச்சி பழகிவிட்டது” என்று எங்கள் நாஞ்சில் நாட்டு உழவர் சொல்வதுண்டு. நானும் வகுப்பில் அவ்வாறே கூறியிருக்கிறேன், அது பொருந்தாது. ஈரோட்டில் அனாபிலிஸ் கொசுவின் புழுக்களிடையே டி.டி.டி.க்கு எதிர்ப்புத் தோன்றியதை ஆய்வாளர் 1956-இல் அறிவித்தனர். எந்தப் புழுவும் அதனைக் கற்றுக்கொள்ளவில்லை. நஞ்சைச் சிதைக்கும் நொதி மிகுந்து பிறப்பவை ஒரு கூட்டத்தில் முன்பே சில இருக்கும். ஏனையவை மடிய, இவற்றின் மரபே பெருகும். நெல்லைத் தாக்கும் புகையானும் இவ்விதிக்கு விலக்கன்று. ஒரு கன்னிப்பூப் பருவத்திற்குள் அது இரண்டு மூன்று தலைமுறை கண்டுவிடும். அதனைக் கண்டு மருந்தை இரட்டிப்பாகத் தெளிப்பவர் உண்டு. எளிதில் மடிவன மடியும். புகையானைத் தின்னும் சிலந்தியும் உடன் மடியும். எதிர்ப்புடைய புகையானோ பகையின்றி வயலில் எஞ்சும்.