அவர் கையிலும் தூண்டில்



நம் ஏரியின் மாந்தலை, நாக்கு மீனை, அறிவீர்கள். குஞ்சாக இருக்கையில் பக்கத்துக்கு ஒரு கண். வளர வளர ஒரு கண் மறுபக்கம் நகர்ந்துவிடும். பிறகு அது மணலில் படுத்தே வாழும். இரு கண்களும் மேலேயே பார்க்கும். உடல் மாறினால் வாழ்வு முடிவதில்லை.

படைவீரர் முரளிகாந்த் பேட்கர் 1965 போரில் குண்டடிபட்டு நடக்கும் வலுவை இழந்தார். 1972இல் ஜெர்மனியில், ஹைடெல்பர்க் பாராலிம்பிக் போட்டியில், நீச்சலில் தங்கம் வென்றார்.

அண்மையில் காலிழந்த முன்னாள் படைவீரர் ஒருவரை நம் இளைஞர்கள் படகில் மீன்பிடிக்க அழைத்துப் போனார்கள். நானும் போனேன். அவருடைய தூண்டிலை வாங்கி நானே இரை கோத்தேன். "சாமி, கால்தான் போச்சு, கை இருக்கே" என்றார். வெட்கப்பட்டுத் தூண்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று மாந்தல் பிடித்தது அவர்தான்.

மாற்கு நற்செய்தி 2ஆம் அதிகாரத்தில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்துவந்து, கூரையைத் திறந்து ஆண்டவர்முன் இறக்கினார்கள். அதன்பின் தம் படுக்கையைத் தூக்கி நடந்தவர் அவரே. சுமக்க வேண்டிய இடத்தில் சுமப்போம். அவரால் இயன்றதை அவரிடமே விடுவோம்.

இந்த வாரம், வீட்டுக்குள் முடங்கியிருக்கும் ஒருவரைப் படகுக்கு அழையுங்கள். அவர் கையிலும் ஒரு தூண்டில் இருக்கட்டும். ஆமென்.