கிரான்தம் பிரபுவின் வாரிசு

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் கிரான்தம் பிரபு என்று ஒருவர். பெரிய மாளிகை, பரம்பரைப் பட்டம், மூன்று பெண்கள். ஆண் வாரிசு இல்லை. பட்டத்துக்கு உரிய உறவினரும் அவருடைய மகனும் 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலோடு போய்விட, மான்செஸ்டரில் வக்கீலாக இருக்கும் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வாரிசாக வந்து சேர்கிறார். அத்தனையும் கற்பனைதான். 2010இல் தொடங்கிய ‘டவுன்டன் அபே’ என்ற தொலைக்காட்சித் தொடர் அது.

இதில் என்னை உறுத்துவது பிரபுவின் மனைவி கோரா அம்மாளின் சீதனம். அவர் அமெரிக்கப் பணக்கார வீட்டுப் பெண். அவர் கொண்டுவந்த பணத்தில்தான் மாளிகையே நிமிர்ந்தது. மாமனாரோ அந்தப் பணத்தையும் பட்டத்துச் சொத்தோடு சேர்த்துப் பத்திரத்தில் பூட்டிவிட்டார். தான் கொண்டுவந்த பணத்தில் ஒரு பங்கைக்கூடப் பெற்ற மகளுக்குத் தர வழியில்லை. முன்பின் தெரியாத வக்கீலுக்குத்தான் போகும்.

மிகைப்படுத்தல் என்று தோன்றுகிறதா? தொடரைப் படமாக்கிய ஹைகிளேர் மாளிகைக்கும் அப்படி ஒரு மருமகள் வந்தார். 5ஆவது கார்னர்வன் பிரபு 1895இல் மணந்த அல்மினா, ராத்சைல்ட் குடும்பத்துப் பணத்தோடு வந்தவர். 1922இல் எகிப்தில் துட்டன்காமன் கல்லறையைக் கண்டெடுத்த அகழாய்வுக்குச் செலவு செய்தவர் இந்தப் பிரபுதான். கிரான்தம் என்ற பட்டமும் முன்பு நிஜமாகவே இருந்தது. 1698இல் கொடுத்தார்கள், அதைப் பெற்றவரின் மகன்கள் அவருக்கு முன்பே இறந்துவிட, 1754இல் அவரோடு முடிந்தது.

கதையை எழுதிய ஜூலியன் ஃபெலோஸுக்கோ இது வீட்டு விவகாரம். இந்தியாவில் 1902 முதல் 1909 வரை தலைமைத் தளபதியாக இருந்த கிச்னர் பிரபு மணம் செய்யாதவர். 1916இல் ஆர்க்னி தீவுகளுக்கு அருகே, கண்ணிவெடியில் சிக்கிய போர்க்கப்பலோடு கடலில் மூழ்கினார். பட்டம் அண்ணனுக்குப் போய், அங்கிருந்து வாரிசு வழியில் வந்தது. மூன்றாவது கிச்னர் பிரபுவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய தம்பி மகள் எம்மாதான் ஃபெலோஸின் மனைவி. ஆணாகப் பிறந்திருந்தால் அடுத்த பிரபு அவர்தான். பெண்ணாகப் பிறந்ததால், 2011இல் பெரியப்பா கண்மூடியதும் பட்டமே அற்றுப்போனது.

அதே 2011இல் ஃபெலோஸுக்கும் பிரபுப் பட்டம் கிடைத்தது. அவருக்கு ஒரு மகனும் உண்டு. ஆனால் அது ஆயுள்காலப் பட்டம், மகனுக்குப் போகாது.