பழைய கான்டெஸாவுக்கு முதல் செலவு எது?

எங்கள் வாசலில் நிற்கும் அப்பாவின் கான்டெஸாவுக்கு என்ன செலவாகிறது என்று பலர் கேட்கிறீர்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை தயாரித்த கார் அது. அந்தக் காலத்தில் பெரிய மனிதர்கள் வண்டி. இன்று ஒவ்வொரு சாமானையும் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

நான் முதலில் பெயிண்ட் அடித்தேன். அது தப்பு. அடுத்த மாதமே கன்னியாகுமரி ரோட்டில், பேரன் பின்சீட்டில் இருக்கும்போது, பிரேக் பெடல் தரைவரை போய்விட்டது. வீல் சிலிண்டர் ரப்பர் இற்றுப்போய் ஆயில் கசிந்திருக்கிறது. ஹேண்ட் பிரேக்கால் தப்பித்தோம்.

ஆகவே முதல் பணம் பிரேக்குக்கு. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அடுத்து ரேடியேட்டரும் ஹோஸும்; இன்ஜின் சூடேறி ஹெட் வளைந்தால் செலவு பல மடங்காகும். மூன்றாவது துரு. நம் ஊர் உப்புக்காற்றுக்கும் இரண்டு பருவமழைக்கும் மேட்டுக்கு அடியில் தகடு அரித்திருக்கும். பெயிண்ட் கடைசி.

ஆர்.சி. புதுப்பிப்பதையும் கணக்கில் சேருங்கள்: 2025 ஆகஸ்ட் முதல் 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணம் 10,000 ரூபாய்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் எங்கள் வாசலுக்கு வாருங்கள். எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று காட்டுகிறேன்.