‘பே ஆஃப்’ – தீர்ந்தது கடனா, வேலையா?



இன்றைக்கு நாம் ஒரு சின்ன இங்கிலீஷ் சொல்லைப் பற்றிப் பேசப் போகிறோம். ‘பே’ என்றால் பணம் கொடுப்பது. அது எல்லாருக்கும் தெரியும். ‘ஆஃப்’ சேர்ந்து ‘பே ஆஃப்’ என்று வந்தால் அர்த்தம் மாறிப்போகும். முக்கியமாக மூன்று அர்த்தம் இருக்கு.

முதலாவது, கடனை முழுசாகத் தீர்ப்பது. பத்தாயிரம் கடன் வாங்கி இரண்டாயிரம் கட்டினால் அது ‘பே’ மட்டுந்தான். வட்டியும் முதலும் கட்டி முடித்தால்தான் ‘பே ஆஃப்’. முடிந்ததும் அதை எழுத்தில் கேட்டு வாங்கி வைக்க வேணும்.

இரண்டாவது, பட்ட பாட்டுக்குப் பலன் கிடைப்பது. லயத்துப் பிள்ளை கஷ்டப்பட்டுப் படித்து ஓ.எல். பாஸ் பண்ணினால், அந்தப் பாடு ‘பெய்ட் ஆஃப்’ என்று இங்கிலீஷில் சொல்வார்கள்.

மூன்றாவதில்தான் கவனம் வேணும். சம்பளக் கணக்கை முடித்து ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதும் ‘பே ஆஃப்’தான். ‘பத்துச்சீட்டு குடுத்தாச்சு’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி.

கடன் தீர்வதும் ஆளை விடுவதும் அந்தக் காலத்தில் ஒன்றாகவே கட்டுப்பட்டுக் கிடந்தது. ஆளின் பேரில் உள்ள கடனைக் கட்டினால் விடுவோம் என்று ‘துண்டு’ எழுதிக் கொடுத்தார்கள். 1921இல்தான் அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

ஆகவே ஒரு கடிதத்தில் இந்தச் சொல்லைக் கண்டால் அவசரப்பட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீங்க. “எது பே ஆஃப்? கடனா, ஆளா?” என்று முதலில் கேளுங்க. ஆள் என்றால், அந்த மாதச் சம்பளத்தோடு கணக்கு முடியாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பள ஆளுக்கு வருடம் ஒன்றுக்கு 14 நாள் சம்பளம். 20 வருடம் என்றால் 280 நாள் சம்பளம்! வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேணும். ஈ.பி.எஃப்., ஈ.டி.எஃப். பணம் இதில் சேராது. அது வேற கணக்கு.

கடிதம் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் எங்களிடம் கொண்டு வாங்க. சேர்ந்து வாசிப்போம், வாசித்த பிறகு கையெழுத்து வைக்கலாம்.