உதவிப் பணத்துக்குக் காவல் யார்?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் நாடுகளுக்குத் தரப்படும் உதவிப் பணத்தை யார் கண்காணிக்கிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. “குழாயில் தண்ணீர் வரவில்லை, ரேஷன் கடையில் வரிசை நீள்கிறது, நமக்கெதற்கு ஐரோப்பா?” என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏழைகள் பெயரில் ஒதுக்கிய பணம் வழியில் எங்கே கரைகிறது, அதைத் தடுப்பது யார் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான சங்கதி. அந்தச் சங்கதிக்குத்தான் அங்கே பார்க்கப் போகிறோம்.

1989இல் பெர்லின் சுவர் விழுந்தது. அதே ஆண்டில் போலந்துக்கும் ஹங்கேரிக்கும் உதவ ‘ஃபேர்’ என்ற திட்டம் தொடங்கியது. பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குக் கலங்கரை விளக்கம் என்று பொருள். பிறகு அது கிழக்கு ஐரோப்பாவின் மற்ற நாடுகளுக்கும் விரிந்தது. 2000இல் மேலும் இரண்டு திட்டங்கள் வந்தன. சாலைக்கும் சுற்றுச்சூழலுக்கும் ‘இஸ்பா’, விவசாயத்துக்கும் கிராமத்துக்கும் ‘சபார்டு’. மூன்றும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 300 கோடி யூரோ. 2004 மே 1 அன்று பத்து நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்தன. 2007இல் பல்கேரியாவும் ருமேனியாவும், 2013இல் குரோஷியாவும் சேர்ந்தன.

இவ்வளவு பணத்துக்குக் காவல் எப்படி? ஃபேர் திட்டத்தில், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே ஐரோப்பிய ஆணையத்தின் அதிகாரிகள் தாளைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். சபார்டில் முறை வேறு. உதவி பெறும் நாட்டிலேயே ஒரு பணம் வழங்கும் அமைப்பு இருக்கும். முதலில் அதைச் சோதித்து அங்கீகாரம் தருவார்கள். அதன்பின் அந்த அமைப்பே செலவு செய்யும், ஆணையம் பின்னால் வந்து சரிபார்க்கும். இவற்றுக்கெல்லாம் மேலே, லக்சம்பர்க்கில் 1977 முதல் இயங்கும் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் இருக்கிறது. மோசடியை விசாரிக்க 1999இல் ‘ஓலாஃப்’ என்ற அலுவலகமும் ஏற்பட்டது.

அந்த அலுவலகம் பிறந்த கதையைக் கேளுங்கள். ஆணையத்தின் உள்தணிக்கையில் வேலை பார்த்தவர் பால் வான் பியூட்டெனன் என்ற டச்சு அதிகாரி. உள்ளே நடக்கும் முறைகேடுகளைப் பற்றிய ஆவணங்களை 1998இல் ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுத்தார். அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? தற்காலிகப் பணிநீக்கம், பாதிச் சம்பளம்! ஆனால் விஷயம் அமுங்கவில்லை. சுயேச்சை நிபுணர் குழு ஒன்று விசாரித்து அறிக்கை தந்தது. 1999 மார்ச்சில் ஜாக் சாந்தெர் தலைமையிலான ஆணையம் முழுவதும் பதவி விலகியது. அடுத்தவன் கணக்கைக் கேட்க உட்கார்ந்தவர்களே தங்கள் கணக்குக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது.

இனி பல்கேரியாவுக்கு வருவோம். சபார்டு பணத்தைத் தானே நிர்வகிக்க 2001இல் முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற நாடு அதுதான். ஏழே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. பழைய இறைச்சிப் பதன இயந்திரங்களை வாங்கி, புதியவை என்று கணக்குக் காட்டி உதவி பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டு உட்படப் பல புகார்கள் ஓலாஃபின் விசாரணைக்கு வந்தன. 2008 ஜூலையில் ஆணையம் சுமார் 50 கோடி யூரோவை நிறுத்தி வைத்தது. ஃபேர் பணத்தைக் கையாண்ட இரண்டு அமைப்புகளின் அங்கீகாரத்தைப் பறித்தது. அந்த ஆண்டு நவம்பரில் 22 கோடி யூரோ பல்கேரியாவுக்கு நிரந்தரமாகவே கைவிட்டுப் போனது.

“சரியான தண்டனை” என்று நாம் கைதட்டிவிடலாம். ஆனால், தோழர்களே, அடி யார் முதுகில் விழுந்தது? சபார்டில் விவசாயி முதலில் தன் பணத்தைப் போட வேண்டும். கொட்டகை கட்டி, இயந்திரம் வாங்கி, ரசீதைக் காட்டிய பிறகே உதவித் தொகை வரும். கடன் வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவன் கதி என்ன? வட்டி அவன் தலையில் ஏறுகிறது. கொள்ளையடித்தவனோ எப்போதோ பங்கு பிரித்துவிட்டான். பணத்தை நிறுத்தினால் ஏழை பட்டினி, நிறுத்தாவிட்டால் திருடனுக்கு விருந்து. கண்காணிப்பில் உள்ள பெரிய சிக்கல் இதுதான்.

கிராமத்தில் வழியில்லாதவன் என்ன செய்வான்? நம்மைப் போலத்தான், மூட்டையைக் கட்டுவான். 1985இல் பல்கேரியாவின் மக்கள் தொகை 89 லட்சத்துக்கும் அதிகம். 2021 கணக்கெடுப்பில் 65 லட்சம். பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம், வேலை தேடி மேற்கே போனது இன்னொரு காரணம். ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இந்த எண்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு பாடம் துருக்கி. 2007 முதல் 2020 வரையிலான காலத்துக்கு 900 கோடி யூரோவுக்கு மேல் ஒதுக்கப்பட்டது. 2018இல் தணிக்கை மன்றம் அதைப் பற்றி அறிக்கை தந்தது. காகிதத்தில் குறிக்கோள்கள் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. ஆனால் நீதித்துறையின் சுதந்திரம், பத்திரிகைச் சுதந்திரம் போன்ற அடிப்படையான தேவைகளுக்கு அந்தப் பணம் போதிய அளவு போய்ச் சேரவில்லை என்று மன்றம் சொன்னது. ஆக, ரசீது சரியாக இருந்தால் மட்டும் போதாது. எதற்காகக் கொடுத்தோமோ அது நடந்ததா என்று கேட்க வேண்டும்.

இந்தப் பாடங்கள் ஓரளவு உறைத்திருக்கின்றன. 2021 முதல் 2027 வரை, காத்திருக்கும் நாடுகளுக்கான நிதி சுமார் 1,416 கோடி யூரோ. அதற்கு மேல், மேற்கு பால்கனுக்கு 2024இல் தனியாக 600 கோடி யூரோவில் ஒரு திட்டம் வந்தது. அதில் 200 கோடி மானியம், 400 கோடி கடன். சொன்ன சீர்திருத்தத்தைச் செய்து காட்டினால்தான் தவணை, செய்யாத வேலைக்குரிய பங்கு நிற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கடன் பகுதியை நாளை வரி கட்டித் தீர்ப்பவன் அந்த நாட்டுத் தொழிலாளி. அப்படியானால் சீர்திருத்தம் என்ன, பணம் எங்கே போகிறது என்று அவனுக்கு அவன் மொழியில் யார் சொல்வது?

என் கருத்தை மூன்றாகச் சொல்கிறேன். முதலாவது, தணிக்கையாளர் தனியாக நின்றால் பயனில்லை. தணிக்கை மன்றம் அறிக்கைதான் எழுதும், தண்டிக்காது. ஓலாஃப் விசாரிக்கும், வழக்குப் போடும் அதிகாரம் அதற்கு இல்லை. இரண்டாவது, உண்மையை வெளியே சொல்பவனுக்குப் பாதுகாப்பு வேண்டும். மூன்றாவது, எந்த ஊருக்காகப் பணம் வந்ததோ, அந்த ஊரார் முன் கணக்கு வாசிக்கப்பட வேண்டும். இது ஆகாத காரியமா? நமது 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையைத் தந்தது. கூலி வாங்கியதாகப் பதிவேட்டில் பெயர் இருப்பவனே எழுந்து நின்று, “எனக்கு இந்தக் கூலி வரவில்லை” என்று சொல்ல வழி செய்த சட்டம் அது. எந்த வெளிநாட்டு நிபுணரும் கண்டுபிடிக்க முடியாததை அந்த ஒரு வாக்கியம் கண்டுபிடித்துவிடும்.

நமது சங்கத்தின் சந்தா சிறிய தொகைதான். ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவு வாசிக்கும்போது பாதிப் பேர் தேநீர் குடிக்கப் போய்விடுகிறோம். அந்த நேரத்தில் உட்கார்ந்து கேளுங்கள், புரியாததைக் கேளுங்கள், தாய்மார்கள் முதலில் கேளுங்கள். இங்கே கேட்டுப் பழகியவர்கள்தான் நகராட்சியில் கேட்பார்கள், ஊருக்குப் போனால் கிராம சபையிலும் கேட்பார்கள்.