எழாத கணினியை எழுப்புவது எப்படி?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரிய விஷயம் எதுவும் பேசப் போறதில்லைங்க. நம்ம பக்கம் அடிக்கடி வருகிற ஒரு சங்கடத்தைப் பற்றித்தான் பேச்சு. லினக்ஸ் போட்ட கணினி. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் நாலு வரி ஓடி, அப்படியே நின்றுவிடுகிறது. ‘எமர்ஜென்சி மோட்’ என்கிறது. இல்லையென்றால் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்று காட்டிவிட்டுக் காத்துக் கிடக்கிறது. பார்த்ததும் நம்மாட்கள் சொல்வது, “ஃபார்மட் பண்ணிடலாங்க!” அந்த ஒரு சொல்லில் ஒரு தறிப்பட்டறையின் ஐந்து வருடக் கணக்கு போய்விடும், ஒரு மாணவியின் இறுதியாண்டு பிராஜெக்ட் போய்விடும். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. 2007-ல் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. அந்தக் காலத்திலேயே எல்காட்டும் சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. சேலம், நாமக்கல் கிராமத்து வீடுகளுக்குள் லினக்ஸ் நுழைந்தது அப்படித்தான். அடுத்த வருடமே கடும் மின்வெட்டு. 2012-ல் சென்னை நீங்கலான மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கு மேலேயும் கரண்ட் இல்லாத நாட்களைப் பார்த்தோம். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் தறி நின்ற மாதிரி, யு.பி.எஸ். இல்லாத கணினிகளும் பாதி எழுத்தில் நின்றன. பேட்டரி செத்துப்போன மடிக்கணினிக்கும் அதே கதிதான்.

பாதியில் நின்றால் என்ன ஆகும்? ஒரு லாரி புக்கிங் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். குடோனில் மூட்டை இருக்கிறது. எந்த மூட்டை எங்கே என்பது பேரேட்டில் இருக்கிறது. மூட்டையை இறக்கியாச்சு, பேரேட்டில் ஏற்றுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. இனி குடோன் ஒன்று சொல்லும், பேரேடு இன்னொன்று சொல்லும். கோப்பு முறைமைப் பிழை என்பது இதுதாங்க.

1993-ல் வந்த எக்ஸ்ட்2 முறையில், இப்படி நின்றால் குடோன் முழுவதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2001-ல் லினக்ஸ் கர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3, குறிப்பேட்டைக் கொண்டு வந்தது. முதலில் குறிப்பேடு, அப்புறம் பேரேடு. நம் காமர்ஸ் மாணவர்களுக்கு இது முதல் வருடப் பாடம்! 2008-ல் நிலைபெற்ற எக்ஸ்ட்4-ம் அதே வழிதான். கரண்ட் வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்துச் சில வினாடிகளில் சரிசெய்துகொள்ளும். அதற்கும் மேலே சிக்கல் இருந்தால்தான் நம் கை தேவைப்படும்.

மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், திரையில் இருப்பதை நிதானமாகப் படியுங்கள். எல்லாமே கோப்பு முறைமைப் பிழை அல்ல. கழற்றிவிட்ட பழைய டிஸ்க்கின் வரி எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே இருந்தாலும், அந்த டிஸ்க்கைத் தேடித் தேடி அவசர நிலைக்குப் போய்விடும். அந்த ஒரு வரியை எடுத்தால் போதும், கணினி எழுந்துவிடும்.

இரண்டாவது, ரிப்பேருக்கு முன்னால் நகல். லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைக் கிளப்பி, ‘படிக்க மட்டும்’ என்று டிஸ்க்கைத் திறந்து, வேண்டியதை வெளியே எடுங்கள். டிஸ்க்கில் ‘டக் டக்’ சத்தமோ, ஐ.ஓ. எரர் என்ற செய்தியோ வந்தால் அது பேரேட்டுக் குளறுபடி அல்ல, குடோன் கூரையே சரிகிறது. ரிப்பேர் நிரலை ஓட்டாதீர்கள். டிடிரெஸ்கியூ கொண்டு வேறு டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, அந்த நகலில் வேலை பாருங்கள்.

மூன்றாவது, எஃப்எஸ்சிகே. திறந்து ஓடிக்கொண்டிருக்கும் பகுதியில் இதை ஒருநாளும் ஓட்டக்கூடாது, இருப்பதும் கெட்டுவிடும். முதலில் ‘-என்’ சேர்த்து ஓட்டினால் பார்க்கும், தொடாது. நிலைமை புரிந்த பிறகு ‘-ஒய்’ கொடுத்தால் எல்லாக் கேள்விக்கும் ஆமாம் சொல்லிச் சரிசெய்யும். முடிவில் 1 என்று திரும்பினால் பிழை திருத்தப்பட்டது. 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது.

நான்காவது, ‘சூப்பர்பிளாக் சரியில்லை’ என்றால் பதறாதீர்கள். அது பேரேட்டின் முதல் பக்கம் மாதிரி. அதற்குப் படிகள் வேறு இடங்களில் உண்டு. 4 கே.பி. பிளாக் அளவுள்ள டிஸ்க்கில் முதல் படி வழக்கமாக 32768-ஆம் பிளாக்கில் இருக்கும். இ2எஃப்எஸ்சிகே நிரலுக்கு ‘-பி 32768’ என்று கொடுத்தால் அதைக்கொண்டு வேலையைத் தொடங்கும். எக்ஸ்.எஃப்.எஸ். முறை என்றால் இது பொருந்தாது. அதற்கு எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர் தனியாக உண்டு.

கடைசியாக, லாஸ்ட்+ஃபவுண்ட் அடைவைப் பாருங்கள். விலாசம் தொலைந்த மூட்டைகள் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடு அங்கே கிடக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால், தொலைந்தது என்று நினைத்த கணக்கு அங்கேயே இருக்கலாம்.

மாணவச் செல்வங்களே, ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் பஞ்சாயத்து ஆபீஸ், பால் சொசைட்டி, அரசுப் பள்ளி என்று ஏதோ ஒன்றில் கணினி இருக்கும். அது எழவில்லை என்று கூப்பிட்டால், “என்ன கோப்பு வேணுங்க? நகல் இருக்குதுங்களா?” என்று முதலில் கேளுங்கள். வாரம் ஒருமுறை நகல் எடுக்கக் கற்றுக்கொடுங்கள். சின்ன யு.பி.எஸ். ஒன்று வாங்கி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்த படிப்பு ஊருக்கு உதவ இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.