அறுவைக்குப் பின் கேட்க வேண்டிய கேள்விகள்

(களப்பணிப் பயிற்சி மாணவரிடையே ஆற்றிய உரை)



தேசியக் குடும்ப நல ஆய்வு, தன் நான்காம் சுற்றில் (2015-16) முதன்முறையாகக் கருப்பை அகற்றுதல் குறித்து வினவியது. ஐந்தாம் சுற்றின்படி (2019-21), 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு அச்சிகிச்சை நடந்துள்ளது. பெரும்பாலோருக்குத் தனியார் மருத்துவமனைகளில். தேவையற்ற அகற்றலைத் தடுக்கும் மைய அரசின் நெறிமுறைகளைச் செயற்படுத்துமாறு 2023இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பணித்தது.

எத்தனை பேர் என்பதைப் புள்ளிவிவரம் கூறும். அறிந்து இசைந்தனரா என்பதை அப்பெண்களே கூற இயலும். கேரளத்தில் அவர்களைச் சந்திக்க ஏற்ற இடம், 1998இல் தொடங்கப்பெற்ற குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில், 1956ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்புக்குப் பின்னும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். அங்கு மலையாள வினாத்தாள் மட்டும் போதாது. இசைவுப் படிவம் எம்மொழியில் படித்துக் காட்டப்பட்டது? வேறு மருத்துவம் உண்டென்று கூறினரா? பின்னர் வலி எவ்வளவு, கடன் எவ்வளவு? இவற்றை அவரவர் மொழியில், மருத்துவமனை சாராத பெண் ஒருவர் தனிமையில் கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கூட்டத்துக்கு வருவோர் நடமாட வல்லவர்கள். அவர்களை மட்டும் கேட்டால் கிடைப்பது நலம் பெற்றோரின் கணக்கே. வாராதவர் வீட்டுக்கும் செல்லுங்கள். பெயரை எழுத வேண்டா. மறுப்போரை வற்புறுத்த வேண்டா.

முடிவுகளை முதலில் அப்பெண்களிடமே படித்துக் காட்டுங்கள். பின்னரே அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.